எங்கள் தெருவில் என்னை யாருக்கும் தெரியாது

பிப்ரவரி 7, புதன்

இந்த நோட்டை யாராவது படித்தால் நான் தொலைந்தேன். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் தமிழ் படிக்கக்கூடியவர்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறோம் என்பதுதான் பிரச்சினை. அதனால் துவைக்கும் மெஷின் இருக்கும் குட்டிப் பால்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

பார்சிலோனாவின் கிராசியா பேட்டையில் இருக்கும் எங்கள் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துபவர் ஃபெரான் சார். இங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வராது. 'சார்' சேர்த்துவிடுவேன். அது தன் அப்பா பெயரா என்று ஒருநாள் கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது.

இன்று அவர் ஒரு நீச்சல் தொப்பி நிறையச் சீட்டுகளோடு வந்தார்.

"கிராசியாவுல பொறந்து, கிராசியாவுலயே ஐஸ்கிரீம் தின்னு, கிராசியாவுலயே காதலிச்சு, கடைசி வரைக்கும் பார்சிலோனாவைப் பார்க்காம இருந்துடுவீங்க. அதை நான் விடப்போறதில்லை" என்றார்.

பன்னிரண்டு சீட்டு, பன்னிரண்டு பேட்டை. இரண்டிரண்டு பேராக ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அந்த இருவரும் முதலில் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிறகு ஒரு புதன்கிழமை வகுப்பையே அங்கே கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்ட வேண்டும். எனக்கு ஜோடி மிரேயா. அவள் என்னையே எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். சீட்டில் 'சியூதாத் மெரிதியானா' என்று இருந்தது.

நான் இப்போது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் இடம் அதுதான்.

"அது எங்க இருக்கு? பார்சிலோனாவுலதானா?" என்று மிரேயா கேட்டாள்.

"தெரியலையே" என்றேன்.

எங்கள் பள்ளியில் சேர, வீடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண். வீடு எங்கே என்பதை நகராட்சியின் குடியிருப்புப் பதிவேடு சொல்லும். அந்தப் பதிவேட்டில் அப்பா, அம்மா, நான் மூவரும் கிராசியாவில், சுடலைமுத்து மாமாவின் அறையில் இருக்கிறோம். அந்த அறையில் மாமாவே கட்டிலில் ஏறித்தான் கதவைச் சாத்துவார். உண்மையில் நாங்கள் ஊரின் வடக்குக் கோடியில், மலைச்சரிவில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். இரண்டே பெட்டி உள்ள, ஓட்டுநர் இல்லாத ரயிலில் மலையிறங்கி, பிறகு பெரிய ரயில் மாறி தினமும் போகிறேன். "இங்கன படிச்சா இங்கனயேதான் கெடப்பா" என்று அம்மா முடிவு செய்த நாளிலிருந்து இப்படி.

மிரேயாவின் சித்தி மகள் பெர்த்தா பள்ளிக்குப் பின்தெருவில் இருக்கிறாள். சேர்க்கைப் பட்டியலில் ஒரே ஒரு இட வித்தியாசத்தில் அவளுக்குக் கிடைக்காமல் போனது. யாரோ பொய் விலாசம் கொடுத்துவிட்டார்கள் என்று சித்திக்குச் சந்தேகம். அது யார் என்று தெரிந்தால் அன்றைக்கே புகார் கொடுப்பாள் என்று மிரேயா செப்டம்பரில் சொன்னாள். அன்றுமுதல் பெர்த்தா பெயர் வந்தாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

பிப்ரவரி 8, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா போனில் மாமாவிடம் சொன்னார். மாமா, "அத்தான், புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிருங்க" என்றார். மாமாவுக்கு எல்லாவற்றுக்கும் காய்ச்சல்தான்.

"ஏட்டி, சீட்ட மாத்திக் கேக்க வேண்டியதுதான?" என்றாள் அம்மா.

"எதுக்கு மாத்தணும்னு கேட்டா என்னம்மா சொல்ல?"

அப்பா இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சங்கரன்கோவிலில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர் இங்கே பஞ்சாபிக்காரர் ஓட்டலில் நான் ரொட்டி சுடுகிறார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஏன் மாத்தணும்? அவ போவட்டும். போயி நல்லா சுத்திப் பாக்கட்டும். தெருவுல உள்ளவுககிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

"என்னன்னு பேசுவீக? உங்களுக்கு இவங்க பாசையில வெங்காயம், தக்காளி தவிர என்ன தெரியும்?"

"அது போதும்ளா."

வேலைக்குப் போகும் வழியில் அப்பா கடைகடையாக ஏறி இறங்கினார். ரொட்டிக்கடை ரெமெடியோஸ் எனக்கு அவர் சொன்னதை நடித்தே காட்டினாள். "என் பொண்ணு. சனிக்கிழமை. தெரியாது. வணக்கம் இல்லை. தக்காளி அரை கிலோ."

ரெமெடியோஸ் தெருவில் போகும் எல்லாருக்கும் வணக்கம் சொல்வாள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கண்ணாடி வழியாகச் சொல்வாள். எல்லாரும் அவளுக்கு 'என் ராணி', 'என் ராஜா'. காரணத்தை நான் சொன்னதும், "உனக்காக வாயைத் தைச்சுக்கறேன், என் ராணி. என் மகனையும் அந்தக் காலத்துல கீழே ஒரு பள்ளிக்கூடத்துல இப்படித்தான் சேர்த்தேன்" என்றாள். முடிவெட்டும் கடை யாமிலெத் ஹோண்டுராஸிலிருந்து வந்தவள். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. உதட்டில் விரலை வைத்து ஒரு பூட்டுப் போட்டுக் காட்டினாள்.

பிப்ரவரி 14, புதன்

முதல் நடை: சாரியா. மேட்டுப் பக்கம், பணக்காரப் பேட்டை. நாய்களுக்குக்கூட எங்கள் பள்ளிச் சீருடையைவிட நல்ல கோட்டு என்று எழுத நினைத்தேன், ஆனால் எங்களுக்குச் சீருடையே கிடையாது. சீருடை இல்லாத பள்ளி என்பதை என் மனம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கேக் கடைக்காரர் ஒருவர் எங்களிடம், "நாங்க கடை கண்ணிக்குப் போனா 'பார்சிலோனாவுக்கு இறங்கிப் போறேன்'னுதான் சொல்லுவோம். இது முன்னாடி தனி ஊரா இருந்தது இல்லையா" என்றார். எல்லாருக்கும் அது பெரிய அதிசயம். எங்கள் தெருவிலும் அப்படித்தான் சொல்கிறோம். நாங்கள் தனி ஊராக இருந்ததால் அல்ல, திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும் என்பதால். வாய் வரைக்கும் வந்தது. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினேன்.

பிப்ரவரி 17, சனி

மாலையில் ஒத்திகை. அப்பாவின் யோசனை. நான் தெருவில் மேலும் கீழும் நடந்தேன். எல்லாரும் என்னைத் தெரியாதவர்களாக நின்றார்கள். அப்பா ஓரமாக நின்று, "ரெமெடியோஸ், சிரிப்பு இல்லை" என்று திருத்தினார்.

பிப்ரவரி 21, புதன்

இரண்டாவது நடை: பார்சலோனெத்தா. கடலை ஒட்டிய மீனவர் பேட்டை. ஒரு வீட்டை நான்காகப் பிரித்து நான்கு குடும்பம் இருந்திருக்கிறார்கள். அந்தக் கால் வீடுகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். பால்கனியெல்லாம் துணி. மேலே ஒரு நீலப் போர்வை சொட்டச் சொட்டத் தொங்கியது. ஃபெரான் சார் அதற்கு நேர் கீழே நின்று பதினைந்து நிமிடம் பாடம் நடத்தினார். யாரும் சொல்லவில்லை.

திரும்பும்போது மிரேயா சொன்னாள்: "சனிக்கிழமை பத்து மணிக்கு மெட்ரோவுல. எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. அந்தப் பேட்டையில திருட்டு அதிகமாம். உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பிப்ரவரி 24, சனி

முதலில் இருந்து எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பிக் கிராசியாவுக்குப் போனேன். மிரேயாவோடு சேர்ந்து அங்கிருந்து வருவதற்காக. அதாவது வீட்டுக்கு வருவதற்காக வீட்டைவிட்டுப் போனேன். வழியெல்லாம் மிரேயா என்னிடம் ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டு வந்தாள். குட்டி ரயிலில் ஓட்டுநர் இல்லை என்று பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் ஆச்சரியப்பட்டேன். கொஞ்சம் அதிகமாகவே ஆச்சரியப்பட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன், பக்கத்தில் இருந்த தாத்தா என்னை ஒருமாதிரி பார்த்தார்.

மேலே வந்ததும் தெருக்களைப் பார்த்து மிரேயா நின்றுவிட்டாள். இங்கே ஒரு தெருவின் தரை அடுத்த தெருவின் ஐந்தாம் மாடி உயரத்தில் இருக்கும். தெருவுக்குத் தெரு போக நகராட்சி லிப்ட் வைத்திருக்கிறது. "மலையில எதுக்கு வீடு கட்டினாங்க?" என்றாள். "கீழே இடம் இல்லாததால இருக்கும்" என்றேன், யோசித்துச் சொல்வதுபோல.

பிறகு எங்கள் தெரு.

அப்பா ஒத்திகை நடத்தியிருக்கவே கூடாது. நாங்கள் திருப்பத்தில் வந்ததும் தெருவே திரும்பி நின்றது. யாமிலெத் கடைக்குள் ஓடிப்போய் ஷட்டரைப் பாதி இறக்கினாள். உள்ளே ஒருவர் தலையில் பாதி முடியோடு உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கினார்கள், அதுவும் ஒரே தாளை. ரெமெடியோஸ் எங்களுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து நின்றாள். சுவரில் ஒன்றுமே இல்லை.

மிரேயா அவளிடம் போய், "காலை வணக்கம், நாங்க பள்ளிக்கூடத்துலேருந்து வர்றோம்" என்றாள். ரெமெடியோஸ் சுவரிடமே தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் என்னை 'என் ராணி' என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்தாளாம். பிறகு சொன்னாள்.

சோக்கோவுக்கு மட்டும் ஒத்திகை கொடுக்க முடியவில்லை. அது யாமிலெத்தின் நாய். பாதி ஷட்டருக்கு அடியில் நுழைந்து வந்து என் மேல் ஏறி முகமெல்லாம் நக்கியது.

"உன்னை ரொம்பப் பிடிக்குது அதுக்கு" என்றாள் மிரேயா.

"நாய்ங்களுக்கு என்னை எப்பவுமே பிடிக்கும்."

"இங்க மனுஷங்களுக்குத்தான் யாரையும் பிடிக்கலை போல."

மூன்றாம் மாடிப் பால்கனியில் அம்மா ஒரு மிதியடியை உதறிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் இரு என்று அப்பா நூறு தடவை சொல்லியும் நின்றிருந்தாள். நாங்கள் தெருவில் இருந்த அரைமணி நேரமும் அந்த ஒரே மிதியடியை உதறினாள். மிரேயா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். 'ஒரு பெண்மணி எங்களையே கண்காணித்தார். திருடர்கள் என்று நினைத்திருக்கலாம்.'

பிப்ரவரி 25, ஞாயிறு

தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம். நன்றாகச் செய்தோம் என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கிறார்கள். ரெமெடியோஸ் எனக்குச் சாக்லேட் பன் கொடுத்தாள். அதை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 28, புதன்

மூன்றாவது நடை: ஓர்தா. பழைய காலத்தில் ஊர்ப் பணக்காரர்களின் துணியெல்லாம் இங்கேதான் வெளுத்தார்களாம். ஒரு சந்தில் வீட்டுக்கு வீடு கிணறும் துவைக்கும் தொட்டியும் அப்படியே இருக்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் சரியாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் போகும் வழியில் மிரேயா நாங்கள் வாசிக்கப்போகும் கட்டுரையைக் காட்டினாள்.

லிப்டுகளைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறாள். பிறகு இப்படி: 'இங்கே யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. அந்நியரைப் பார்த்தால் கடையை மூடுகிறார்கள். வறுமை மனிதர்களை இப்படி ஆக்கிவிடுகிறது. எங்களை வரவேற்றது ஒரு நாய் மட்டுமே.'

"கடைசி வரி நல்லா இருக்குல்ல?" என்றாள்.

"வணக்கம் சொல்றதில்லைங்கறது... நாம ஒருநாள்தானே பார்த்தோம்."

"நீயும் பார்த்தியே. யாராவது ஒருத்தர் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. என் கண்ணால் பார்த்தேன். சொல்லக்கூடாது என்று என் அப்பாதான் அரை கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு சொல்லிவிட்டு வந்தார்.

மார்ச் 3, ஞாயிறு

"எழுதுனா எழுதிட்டுப் போறா. அதனால ரெமெடியோஸுக்கு வியாபாரம் கொறையப்போவுதா?" என்றாள் அம்மா. "ஒரு புதன்கெழம. ஒரு மணி நேரம். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துரு. உன் இடம் போச்சுன்னா மறுபடி கெடைக்காது பாத்துக்க."

அப்பா எழுந்தார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார். அவர் அப்படிச் செய்வதில்லை.

மார்ச் 5, செவ்வாய்

நாளைக்கு. காய்ச்சல் வரவில்லை. மாமாவுக்கு மட்டும் எப்படி வருகிறதோ.

மார்ச் 6, புதன்

ஓடுகிற மெஷின் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

இருபத்துநான்கு பேரும் ஃபெரான் சாரும் வந்தோம். லிப்டில் எட்டுப் பேர்தான் ஏறலாம் என்பதால் படியேறினோம். ஃபெரான் சார் நடுவில் இரண்டு முறை 'காட்சியை ரசிக்க' நின்றார். எங்கள் தெருவுக்கு வந்தபோது பாதிப் பேர் மூச்சு வாங்கினார்கள். தெரு தயாராக இருந்தது. பாதி ஷட்டர், ஒரே செய்தித்தாள், சுவரைப் பார்த்த ரெமெடியோஸ். இந்த முறை சோக்கோவையும் உள்ளே கட்டிப்போட்டிருந்தார்கள். அது ஊளையிட்டது.

மிரேயா ரொட்டிக்கடைக்கு நேர் முன்னால் நின்று வாசிக்க ஆரம்பித்தாள். நல்ல சத்தமான குரல் அவளுக்கு.

"இங்கே யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை."

ரெமெடியோஸின் முதுகு எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. மாவு ஒட்டிய கறுப்பு ஸ்வெட்டர். அந்த வரி காதில் விழுந்ததும் அந்த முதுகு கொஞ்சம் சின்னதானது. எனக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. திரும்பிப் பதில் சொல்லியிருக்கலாம். அவள் வாயில் இல்லாத பதிலா. ஆனால் சுவரை இன்னும் நெருங்கி நின்றாள்.

"வறுமை மனிதர்களை..." என்று மிரேயா அடுத்த வரிக்குப் போனாள்.

"காலை வணக்கம், ரெமெடியோஸ்" என்றேன்.

மிரேயா நிறுத்திவிட்டாள். ரெமெடியோஸ் மெதுவாகத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு வகுப்பைப் பார்த்தாள்.

"யாரும்மா நீ? எனக்கு உன்னைத் தெரியாதே" என்றாள். கண்ணால் 'வேண்டாம், வேண்டாம்' என்றாள்.

"நான்தான். மூணாம் மாடி வடிவு. நேத்து உங்ககிட்ட ரெண்டு ரொட்டி வாங்கினேன்."

"நான் யாருக்கும் ரொட்டி வித்ததே இல்லை" என்றாள் ரெமெடியோஸ், ரொட்டிக்கடை வாசலில் நின்றுகொண்டு.

யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இவங்க எல்லாருக்கும் வணக்கம் சொல்வாங்க. பஸ்ஸுக்குச் சொல்வாங்க. நான் இங்கதான் இருக்கேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நாங்கதான் இவங்களைப் பேசவேண்டாம்னு கேட்டுக்கிட்டோம். மிரேயா எழுதினது தப்பு. ஆனா அது மிரேயாவோட தப்பு இல்லை" என்றேன். கொஞ்சம் பள்ளியில் பேசும் காத்தலான் மொழியில், கொஞ்சம் ஸ்பானிஷில், நடுவில் ஒரு வாக்கியம் தமிழிலேயே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சோக்கோதான் முதலில் பதில் சொன்னது.

"அப்பாடா" என்றாள் ரெமெடியோஸ். "ஒரு மாசமா இந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு, என் ராணி." பிறகு வகுப்பைப் பார்த்து ஒவ்வொருவராகத் தொடங்கினாள். "வணக்கம் என் ராஜா. வணக்கம் என் ராணி. நீ ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கே?" இருபத்துநான்கு பேருக்கும் சொன்னாள். ஃபெரான் சாரும் 'என் ராஜா' ஆனார். யாமிலெத் ஷட்டரைத் தூக்கினாள். செய்தித்தாள் இறங்கியது. அம்மா பால்கனியில் நின்றாள். கையில் மிதியடி இருந்தது, உதறவில்லை.

மிரேயா கட்டுரையை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். மெட்ரோவில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

மார்ச் 7, வியாழன்

மிரேயா பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள். ரெமெடியோஸ் கடையில் சாக்லேட் பன் என்ன விலை என்று மூன்று பேர் கேட்டார்கள்.

மார்ச் 8, வெள்ளி

ஃபெரான் சார் அப்பாவை வரச்சொல்லியிருந்தார். அப்பா கல்யாணச் சட்டை போட்டு வந்தார். மொழிபெயர்க்க நான்.

"உங்க வீடு எங்கே இருக்கு?" என்று ஃபெரான் சார் கேட்டார்.

"ஏளா, இப்படிச் சொல்லு. நாங்க இத்தன நாளு கிராசியாவுலதான் இருந்தோம். போன வாரந்தான் அங்கன வீடு மாறிப் போனோம். மச்சினனுக்கு ஒடம்புக்கு முடியல, காய்ச்சலு, அதனால" என்றார் அப்பா.

நான் ஃபெரான் சாரிடம், "நாங்க எப்பவுமே அங்கதான் இருக்கோம்னு அப்பா சொல்றார்" என்றேன்.

"அவ்வளவு நீளமா பேசினார்?"

"தமிழ்ல கொஞ்சம் நீளமாத்தான் வரும்."

அப்பாவுக்குக் 'காய்ச்சல்' என்ற வார்த்தை இந்த மொழியில் தெரியும். அது என் பேச்சில் வரவில்லை என்பதைக் கவனித்துவிட்டார். என்னைப் பார்த்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். கல்யாணச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, "சரி. மாமாவ விட்டுட்டியாக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஃபெரான் சார் மேசையில் என் தகவல் தாளை வைத்திருந்தார். "இவளுக்கு மயக்கம் வந்தா நான் எந்த மலையில போய் உங்களைத் தேடறது? எனக்குச் சரியான விலாசம் வேணும். பதிவேட்டுல மாத்திட்டு வாங்க. வீடு மாறினாங்கன்னு நடுவுல இடத்தைப் பிடுங்கமாட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா சேர்க்கை சமயத்துல கொடுத்த விலாசம் பொய்னு யாராவது புகார் கொடுத்தா, அதை விசாரிப்பாங்க. அதை நான் தடுக்க முடியாது. தடுக்கவும் மாட்டேன். இடம் கிடைக்காம போனவங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை விடாமல்.

அப்பா வெளியே வந்து தெருமுனை வரை நடந்தார். "இடம் கெடைக்காமப் போனதுன்னா... யாரு அந்தப் புள்ள? உனக்குத் தெரியுமா?" என்றார்.

"பெர்த்தா" என்றேன்.

அவருக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு பெயர் இருக்கும் என்பது அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். எனக்குப் பெயர் தெரிந்தே ஆறு மாதம் ஆகிறது.

மார்ச் 12, செவ்வாய்

இன்று வீடு மாறினோம். நகராட்சி அலுவலகத்தில் ஒரு தாளைக் கொடுத்து ஒரு தாளை வாங்கினோம். ஒரு கரண்டிகூடத் தூக்கவில்லை. மாமாவுக்குத்தான் வருத்தம். அறை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருக்கிறதாம்.

மார்ச் 13, புதன்

நான்கு நாள் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு மிரேயா வாய் திறந்தாள்.

"எங்க வீட்டுல யாருக்கும் நான் சொல்லலை."

"நன்றி."

"நன்றி சொல்லாதே. உனக்காக இல்லை. சொல்ல வேண்டியது நான் இல்லை, நீ. சித்திகிட்ட வேண்டாம், பெர்த்தாகிட்ட. அவ இடம்தானே. சனிக்கிழமை அவளைக் கூட்டிட்டு வர்றேன். உன் வீட்டுக்கு. உண்மையான வீட்டுக்கு." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினாள். "அந்த ஆளில்லாத ரயில்ல நான் உன் கையைப் பிடிச்சப்ப, நீயும் முதல் தடவை பார்க்கற மாதிரி நடிச்சே பாரு. அதைத்தான் என்னால மன்னிக்க முடியலை."

மார்ச் 15, வெள்ளி

மன்னிப்பை எழுதி மனப்பாடம் செய்தேன். பதினோரு வாக்கியம். அம்மா ஒருமுறை கேட்டாள். ஒன்றும் புரியாமலே, "அந்த எட்டாவது எடத்துல குரல எறக்கு" என்றாள். பிறகு உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ளயவும் ஒரு அம்மாதான பெத்துருப்பா" என்று பீரோவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

மார்ச் 16, சனி

பெர்த்தா குட்டையாக, கண்ணாடி போட்டிருந்தாள். பார்த்தால் சண்டை போடுகிறவள் போலவே இல்லை. மிரேயாவுக்குப் பின்னால் வந்தாள். கீழே ரெமெடியோஸ் இருவரையும் பிடித்து வணக்கம் சொல்லி, கன்னத்தைக் கிள்ளி, என்னுடைய நல்ல குணங்களை ஒரு பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறாள். பாதி எனக்கே தெரியாதவை.

அப்பா ஓட்டலில் வேலை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். காலையிலிருந்து சமையலறையில் மாவை அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் பெர்த்தா திடுக்கிட்டாள். "யாரை அடிக்கறாங்க?" என்று மிரேயாவைக் கேட்டாள்.

பதினோரு வாக்கியத்தில் எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

"உன் இடத்துல நான் இருக்கேன்" என்றேன்.

"தெரியும். மிரேயா வழியில சொன்னா." அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எனக்குக் கிடைச்ச பள்ளிக்கூடம் தூரம். ஏழரை மணி பஸ். நின்னுக்கிட்டே போவேன். பள்ளிக்கூடம் முடிஞ்சு வந்தா, எங்க தெருப் பசங்க எல்லாம் ஏற்கெனவே ஒண்ணா வந்து விளையாடிக்கிட்டு இருப்பாங்க. நடுவுல போய்ச் சேர்ந்துக்கணும். அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

தெரியும். ஆனால் அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல. "சாரி" என்றேன்.

"அங்க நல்லா இருக்கா?"

சுமார்தான் என்று சொல்லியிருக்கலாம். மிரேயாவும் அதைத்தான் எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

பெர்த்தா தலையை ஆட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அம்மா நிற்பது எனக்குத் தெரிந்தது. என்ன பேசுகிறோம் என்று புரியாது. ஆனாலும் நின்றாள்.

அப்பா ஒரு தட்டில் பரோட்டாவை அடுக்கிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தட்டி உதிர்த்து அவள் முன்னால் வைத்தார். சால்னா ஊற்றினார். "சாப்பிடு தாயி" என்றார் தமிழில். பிறகு அவருக்குத் தெரிந்த பாஷையில், "வெங்காயம். தக்காளி" என்றார்.

பெர்த்தா ஒரு வாய் சாப்பிட்டாள். காரத்தில் மூக்கு ஒழுகியது. தண்ணீர் குடித்தாள், சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள். மூன்று தீர்ந்தது. நாங்கள் எல்லாரும், கதவுக்குப் பின்னால் இருந்த அம்மா உட்பட, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசித் துண்டால் தட்டை வழித்துவிட்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொல்லமாட்டேன். புகார் எதுவும் வராது" என்றாள். "ஆனா உன் மேல இருக்கற கோவம் போகலை. இன்னொண்ணு வைக்கச் சொல்லு."